கொராய்ட் பண்ணை வீட்டின் அடுப்படிக் கல்

மெல்பர்னிலிருந்து மேற்கே டவர் ஹில், கொராய்ட் பக்கம் குடும்பத்தோடு போக வேண்டும், எப்படிப் போவது, எங்கே தங்குவது என்று கிரெய்கிபர்னிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். பிள்ளைகளுக்கு ஈமு காட்ட வேண்டுமாம். எல்லாம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். நான் அங்கே முதன்முதலாகப் போனது ஈமு பார்க்க அல்ல. ஒரு அம்மாளின் அடுப்படியில் பதித்திருந்த கல் எந்த நாட்டுக் கல் என்று சொல்வதற்காக. 1976ஆம் வருஷம், மே மாதம், ஒரு சனிக்கிழமை.

அப்போது நான் கிளேட்டனில் நிலவியல் ஆராய்ச்சி மாணவன். சொந்த ஊர் அரியலூர். எங்கள் பக்கத்து ஓடைகளில் கடல் கிளிஞ்சல்கள் கல்லாகிக் கிடக்கும், அதைப் பொறுக்கிப் பொறுக்கியே படிப்பு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அந்தத் தை மாதம் கல்யாணம், மாசியில் விமானம் ஏறிவிட்டேன். செல்விக்கு விசா வரவில்லை. வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு ஆய்வுக்கூடத்திலிருந்து அறைக்கு ஓடிவருவேன். நீலநிற ஏரோகிராம் இல்லாத நாளில் யாரோடும் பேசப் பிடிக்காது. புது மாப்பிள்ளை ஏக்கத்தை இத்தனை வயதில் எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

எங்கள் வளாக நூலகத்தில் நோரா என்று ஒரு பெண்மணி வேலை பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பிறந்தது மெல்பர்னில், மனசு முழுக்க அயர்லாந்தில். முன்னோர் அங்கே கிளேர் கவுண்டியிலிருந்து வந்தவர்கள், கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. அவரைப் போல ஏழெட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி, அந்தக் கவுண்டியின் ஒரே ஒரு பங்கின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார்கள். பங்கு என்றால் கோயில் பங்கு, ஒரு பாதிரியாரின் கீழ் வரும் ஊர்கள். அங்கே யார் யார் எந்த வயலில் குடியிருந்தார்கள், யார் கப்பலேறினார்கள், எங்கே புதைத்தார்கள் என்று ஒன்று விடாமல் சேகரிப்பார்கள். அவர்களில் ஒருவர்கூட அயர்லாந்தைக் கண்ணால் பார்த்ததில்லை!

ஒருநாள் புத்தகம் திருப்பிக் கொடுக்கப் போனபோது நோரா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீங்கள் கல் படிப்பவராமே? எங்களுக்கு ஒரு கல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

விஷயம் இதுதான். கொராய்ட்டில் மிசஸ் ஹோகன் என்ற விதவை. அவர் கணவர் டாமின் தாத்தா கிளேரிலிருந்து வந்தவர். குத்தகை பாக்கிக்காக நிலச்சுவான்தாரின் ஆட்கள் கூரையைப் பிரித்துப் போட்ட அன்று, அவர் அடுப்படிக் கல்லில் ஒரு துண்டை உடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கப்பலேறினார் என்பது குடும்பத்தில் வழங்கிவந்த கதை. கொராய்ட்டில் வீடு கட்டியபோது அதை அடுப்பின் முன்னால் தரையில் பதித்தாராம். இப்போது டாம் இல்லை, பண்ணையை விற்றாயிற்று. வாங்கியவர் அடுத்த மாதம் வீட்டை இடிக்கப் போகிறார். கல் நிஜமாகவே கிளேர் கல் என்றால் பெயர்த்து எடுக்க வேண்டும். உள்ளூர்க் கல் என்றால் இடிபாட்டோடு போகட்டும் என்று மிசஸ் ஹோகன் சொல்லிவிட்டார்.

என்னிடம் கார் கிடையாது, நோராவுக்கு ஓட்டத் தெரியாது. என் அறைத்தோழன் சிவத்திடம் ஒரு பழைய ஸ்டேஷன் வேகன் கார் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரன், எஞ்சினியர். கேட்டதும் சிரித்தான். "ஒரு கல்லைப் பாக்க முன்னூறு கிலோமீட்டரோ? உனக்கு விசர் மச்சான். சரி, வாறன். பெற்றோல் காசு நீ குடு."

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். வெஸ்ட்கேட் பாலம் அப்போது கட்டி முடியவில்லை. ஊருக்குள் புகுந்து ஃபுட்ஸ்க்ரே வழியாக ஊர்ந்துதான் கீலாங் சாலையைப் பிடிக்க வேண்டும். கீலாங், கோலாக், கேம்பர்டவுன், டெராங், வார்னம்பூல். கோலாக் தாண்டினால் இரண்டு பக்கமும் பச்சைப் புல், கறுப்பு மாடு, கறுப்புக் கல்வேலி. எரிமலை கக்கிய கல்லையெல்லாம் பொறுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லிச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது முறை சிவம் இஞ்சினை அணைக்கவே இல்லை. "இது கல்லுத்தான். இதுக்கு முந்திப் பாத்ததும் கல்லுத்தான். ஏறு" என்றான். பதினொன்றரைக்குக் கொராய்ட். பெட்ரோல் போகவர பத்துப் பன்னிரண்டு டாலர் ஆனது.

பண்ணைக்குப் போகும் வழியில் நோரா டவர் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அரைமணி நேரம் கேட்டார். அவசியம் நீங்களும் பாருங்கள். பெயர், இறந்த தேதி, அதற்குக் கீழே இன்ன பங்கு, கிளேர் கவுண்டி, அயர்லாந்து என்று கல்லுக்குக் கல் ஊர் செதுக்கியிருக்கும். எழுத்து தேய்ந்த கல்லுக்கு நோரா ஒரு வழி வைத்திருந்தார். கைக்கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் கல்லின் மேல் சாய்வாக அடிப்பார். ஒன்றுமே இல்லாத இடத்தில் எழுத்து எழும்பி நிற்கும். ஒவ்வொரு ஊர்ப்பெயரையும் வாய்விட்டுப் படித்தார். போகாத ஊரின் பெயரை அப்படி ஆசையாகச் சொல்லும் ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மிசஸ் ஹோகன் வாசலிலேயே நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும், நல்ல உயரம், ஏப்ரன், ஆண்பிள்ளை பூட்ஸ். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கல் டாக்டர் நீதானா?"

"இன்னும் டாக்டர் ஆகவில்லை" என்றேன்.

"நல்லது. மாட்டு டாக்டர்கள் வந்து பார்த்த மாடெல்லாம் செத்துத்தான் போயிருக்கிறது" என்று உள்ளே கூட்டிப்போனார்.

சிவம் என் காதில், "குசினியிலயோ கல்லு?" என்றான். ஆமாம், சமையலறைதான். பெட்டிகள் கட்டி வைத்திருந்தார்கள், சுவரில் படம் மாட்டியிருந்த இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது. அடுப்பின் முன்னால் அந்தக் கல். எங்கள் வீட்டு அம்மி அளவு இருக்கும். கன்னங்கரேல் என்று பளபளத்தது. பார்த்ததும் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. வழியெல்லாம் பார்த்து வந்த கறுப்பு எரிமலைக் கல் மாதிரியே இருந்தது.

என் முகத்தை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். "நான் சொல்லவில்லையா நோரா? கல்யாணம் ஆகி வந்த அன்றே டாமிடம் சொன்னேன், இது கீழ்த்தெருக் குவாரிக் கல் என்று. இந்த வீட்டு வழக்கம், புதுப்பெண் வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு இதன்மேல் நிற்க வேண்டும். அவன் அம்மா நின்றாள், அவன் பாட்டி நின்றாள். என்னையும் நிற்கச் சொன்னான். குவாரிக் கல்மேல் நான் எதற்கடா நிற்க வேண்டும் என்று சிரித்தேன். அப்புறம் அவன் கேட்கவே இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. நாலு மாதம் முன்னால் அம்மிமேல் செல்வியின் காலைத் தூக்கி வைத்தவன் நான். அவள் குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்ததும், மருதாணிக் காலின் சூடும் அந்தச் சமையலறையில் நின்றபோது அப்படியே திரும்பி வந்தன. கிளம்பி ஊருக்கே போய்விடலாமா என்று தோன்றியது.

"எதனால் இவ்வளவு கறுப்பு?" என்று கேட்டேன்.

"இரும்பு அடுப்புக்கான கறுப்புப் பாலிஷ். சனிக்கிழமை சனிக்கிழமை அடுப்புக்குப் போடும்போது இதற்கும் சேர்த்துப் போடுவேன். அழுக்காக இருந்தால் எனக்குப் பிடிக்காது."

நாற்பது வருஷப் பாலிஷ்! அதைத் தாண்டி எந்தப் படிப்பும் எதையும் பார்க்க முடியாது. சுத்தியலை எடுத்தேன், ஓரத்தில் ஒரு சில்லு பெயர்த்தால் போதும். "அது வேண்டாம்" என்றார் அம்மாள் சட்டென்று. குவாரிக் கல் என்று சொன்னவர்தான். ஆனால் அடிக்க விடவில்லை. பிறகு கொல்லையிலிருந்து கடப்பாரை எடுத்துவந்து சிவத்தின் கையில் கொடுத்தார். "எப்படியும் இடிக்கப் போகிறார்கள். உடைக்காமல் நெம்பு."

சிவம் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கினான். சுண்ணாம்புக் காரை லேசில் விடவில்லை. கடைசியில் கல் அசைந்து மேலே வந்தது, மூன்று பேராகப் புரட்டிப் போட்டோம். அடிப்பக்கம் பாலிஷ் படாத சாம்பல் நிறம். நான் எடுத்துப்போயிருந்த அமிலத்தில் ஒரு சொட்டு விட்டேன். சோடா மாதிரி நுரைத்தது.

"சுண்ணாம்புக் கல்! எரிமலைக் கல் இல்லை!" என்று நோரா கைதட்டினார்.

"பொறுங்கள். வார்னம்பூல் கடற்கரையில் கிடக்கிற உள்ளூர்க் கல்லும் இப்படித்தான் நுரைக்கும்" என்றேன். பாவம், நோராவின் முகம் வாடிவிட்டது.

மிசஸ் ஹோகனிடம் தண்ணீர் கேட்டேன். கெட்டிலைக் கொண்டுவந்து, யாரையும் தொடவிடாமல் தானே ஊற்றினார். ஈரம் பரவப் பரவச் சாம்பல் நிறம் கறுத்தது. அதன் நடுவே வெள்ளை வெள்ளையாகக் கண்ணிகள் எழும்பின, சின்னத் தேன்கூடு மாதிரி. பவளம். கல்லான பவளம், மிகப் பழையது. அந்த வட்டாரத்துக் கல்லில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அரியலூர் ஓடையில் முதல் கிளிஞ்சலை எடுத்த பையனாக ஆகிவிட்டேன் நான்.

நோரா பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு கூழாங்கல்லை எடுத்தார். கிளேரிலிருந்து அந்தப் பங்கின் பாதிரியார் வயல்சுவரில் எடுத்து அனுப்பியது. நனைத்துப் பக்கத்தில் வைத்தோம். அதே சாம்பல், அதே கண்ணி.

"நூறு சதவீதம் இன்ன ஊர்தான் என்று கல்லைக் கேட்டுச் சொல்ல முடியாது" என்றேன். "ஆனால் இது இந்த மண்ணின் கல் இல்லை. நோராவின் கல்லோடு ஒத்துப்போகிறது. என்னைக் கேட்டால், டாம் சொன்னது சரி."

மிசஸ் ஹோகன் கெட்டிலைத் தரையில் வைத்தார். "கேட்டுக்கொள், டாம்" என்றார் அடுப்பைப் பார்த்து. பிறகு எங்களிடம், "நாற்பது வருஷத்துக்கு மேலே சிரித்தேன். அவனும் கூடச் சிரிப்பான். அவனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. அவன் மட்டும் இந்த நிமிஷம் வந்தால் போதும்" என்றார். அழுதார். மறைக்கவில்லை.

நோரா மெதுவாகக் கேட்டார், "இப்போது நிற்கலாமே, மிசஸ் ஹோகன்?"

"யாருக்குக் காட்ட?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார்.

சாப்பாடு, அந்தக் கரிசல் மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கு, வேகவைத்து வெண்ணெய் போட்டது. சிவம் சோறு இல்லாமல் வயிறு நிறைய முதன்முறையாகச் சாப்பிட்டது அன்றுதான். இரவு கொராய்ட் பப்பின் மாடியில் தங்கினோம், காலை உணவோடு தலைக்கு எட்டு டாலர். குளிரில் போர்வைக்குள் உட்கார்ந்து செல்விக்கு எழுதினேன். எழுதவேண்டும் என்று நினைத்தது ஒன்று, எழுதியது உருளைக்கிழங்கைப் பற்றி.

இனி வாசகிக்கு. இப்போது பாலம் இருக்கிறது, மெல்பர்னிலிருந்து மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். ரயில் என்றால் வார்னம்பூல் வரை, அங்கிருந்து கொராய்ட் பதினெட்டு கிலோமீட்டர். குடும்பத்தோடு தங்க வார்னம்பூலில் விடுதிகள் நிறைய உண்டு. டவர் ஹில் எரிமலைப் பள்ளத்தில் ஈமு தானாக எதிரே வரும், சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கல்லறைகளில் எழுத்துத் தெரியச் சுண்ணக்கட்டி, மாவு எதுவும் பூசாதீர்கள், கல் கெடும். கைக்கண்ணாடி போதும். மே மாதம் என்றால் மழைக்கோட்டு வேண்டும். பூட்ஸைவிடக் கழற்றச் சுலபமான செருப்பு நல்லது, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

செல்வி அடுத்த வருஷம் பொங்கல் கழிந்து வந்து சேர்ந்தாள். மிசஸ் ஹோகன் அதற்குள் மகள் வீட்டுக்குப் பக்கத்தில், ஃபுட்ஸ்க்ரேயில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு வந்துவிட்டார். நோரா கல்லைத் தங்கள் சங்கத்துக்குக் கேட்டுப் பார்த்தாராம், கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மிசஸ் ஹோகன் எங்களை டீக்குக் கூப்பிட்டிருந்தார். ஃபிளாட்டில் அடுப்பு ஏது, மின்சார ஹீட்டர்தான். கல்லை வாசற்படிக்கு உள்ளே, மிதியடி போடும் இடத்தில் வைத்திருந்தார், சாம்பல் பக்கம் மேலாக. நான் எச்சரிப்பதற்குள் செல்வி வெளியே செருப்பை விட்டுவிட்டு, நம் வழக்கப்படி வெறுங்காலோடு உள்ளே கால் வைத்தாள். நேராகக் கல்மேல்.

மிசஸ் ஹோகன் கையில் இருந்த தட்டை வைத்துவிட்டார். "யாராவது இவளிடம் சொன்னீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். செல்விக்கு ஒன்றும் புரியவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று காலை எடுக்கப் போனாள்.

"எடுக்காதே, அப்படியே நில்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், பிறகு ஸ்டாக்கிங்கையும் உருட்டிக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "கொஞ்சம் நகர்ந்துகொள், கண்ணு. உனக்கு முன்னால் என் முறை" என்று சொல்லி, செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு கல்மேல் ஏறி அவள் பக்கத்தில் நின்றார்.