கிடங்குப் பலகைக்கு மோட்டார் தேடியவர்

குணசேகரன் இறந்துவிட்டார் என்று காலையில் அலைபேசியில் செய்தி வந்தது. அனுப்பிய எண் எனக்குப் பழக்கமில்லாதது. அதனால் அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். அவர் மனைவி எடுத்து, "ஆமாங்க, நெஞ்சுவலி" என்றார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு எதையும் சோதிக்காமல் நம்பாத அவருடைய சந்தேகம் தெரியும். ஜமுனாமரத்தூருக்கு அருகே மலைப் பெண்கள் குழு ஒன்றுக்கு நாம் சாமை விதைக் கிடங்கு கட்டியபோது நான் அந்தச் சந்தேகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கூரையடியில் காற்றுக்காக ஒரு திறப்பு. அதை மூட ஒரு மரப்பலகை. வெயிலில் பலகை திறந்திருக்க வேண்டும், மூடுபனி இறங்கினால் மூட வேண்டும். தவறினால் விதை பூஞ்சை பிடித்துப்போகும். அடுத்த விதைப்புக்குக் குழுவிடம் விதை இருக்காது. ஆள் இல்லாத நேரத்திலும் பலகையைத் தானாகத் தள்ள ஒரு சிறிய மோட்டார் தேடினோம். எங்களிடம் இருந்த மின்சாரம் ஒரு சோலார் தகடும் ஒரு சின்ன பேட்டரியும் தருவது மட்டுமே.

வேலூர்க் கடைக்காரர், காந்தச் சுருளால் தள்ளும் ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"டப்புனு தள்ளும் சார்."

"தள்ளட்டும். தள்ளினப்புறம் அப்படியே நிக்குமா?"

"கரண்ட் குடுத்துக்கினே இருந்தா நிக்கும்."

குணசேகரன் அதை அணைக்கவிடாமல் நிதானமாக டீ குடித்து முடித்தார். பிறகு அதன்மேல் கை வைத்தார். "சுடுதுய்யா. பலகையைத் தள்ளச் சொன்னா, இது நம்ம பேட்டரியை எரிச்சிக் குளிர் காயுது."

"இன்னா சார், பொண்ணு பாக்குற மாரி பாக்குறீங்க?"

"கட்டிக்கப் போறது எங்க பேட்டரிங்க. அதுக்குத்தான் பயம்."

அடுத்து வந்தது திருகு சுழன்று தண்டு நீளும் வகை. மெதுவாகத்தான் நகர்ந்தது. தண்டு நீண்டதும் வயரைப் பிடுங்கிவிட்டு உள்ளங்கையால் அழுத்தினார். அசையவில்லை. "நிக்குது. ஆனா நான் இன்னும் நம்பல" என்று சொல்லித்தான் வாங்கினார்.

மூட்டைகள் வந்த வாரத்திலேயே பலகை திறக்கவில்லை. மோட்டார் முனகியது. உள்ளே விதை வியர்க்கத் தொடங்கியது. எல்லோரும் மோட்டாரைத் திட்டினோம்; அவர் எங்கள் திட்டையும் நம்பவில்லை. ஏறிப் பார்த்தார். விதை வைக்கும் இடத்தை மெழுகும் வழக்கப்படி, குழுப் பெண்கள் சுவரோடு சேர்த்து மூடிய பலகைக்கும் சாணி மெழுகியிருந்தார்கள். காய்ந்த சாணி பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டது.

"மெழுகாத எடத்துல வெதை வெக்க மாட்டோங்க" என்றார் குழுத் தலைவி பொன்னி.

"மெழுகினா இதுக்கு மூச்சு முட்டுதேம்மா."

"அப்ப பலமா இருக்கிறதா வாங்கினு வாங்க."

பெரிய மோட்டாருக்கு எங்கள் பேட்டரி தாங்காது. அதே மின்சாரத்தில் இன்னும் மெதுவாக, இன்னும் அழுத்தமாகத் தள்ளும் பல்சக்கரம் வைத்த மோட்டாரை அவர் தேடிக் கொண்டுவந்தார். "பனி நடந்துதான் வருது. இது இன்னாத்துக்கு ஓடணும்?" பலகையைத் திறந்துவைத்து மெழுகப் பொன்னியும் ஒப்புக்கொண்டார். அதையும் நம்பாமல், மெழுகும் நாளில் குணசேகரன் வந்து நின்றார்.

சந்தவாசலில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போகும் வழியில் கிடங்கில் இறங்கினேன். மலை முழுக்கப் பனி. பொன்னி எனக்கு முன்பே வந்திருந்தார்.

"பலகை மூடிக்கிச்சுங்க. வெதை நல்லாக்கீது, பாத்துட்டேன்."

தலையாட்டினேன். ஆனாலும் ஒரு மூட்டையை அவிழ்த்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தேன். உலர்ந்திருந்தது. ஒருவரை அவமதிக்காமலே அவர் சொல்லை நம்பாதிருப்பது. குணசேகரனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.

பொன்னி கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.