ஐந்தாவது குரல்

அவருக்குப் பயணிகள் வைத்த பெயர் டிரைவர் சிஸ்டர். கன்னியாஸ்திரி பஸ் ஓட்டுவதாவது என்று முதலில் மூக்கின்மேல் விரல் வைத்தவர்கள்தான் இப்போது அவர் வண்டிக்காகக் காத்திருந்து ஏறுகிறார்கள். அவர் பிரேக் போட்டால் மடியில் தூங்கும் குழந்தைகூட விழிக்காது. குறுக்கே பாயும் பைக்காரர்களுக்கு மட்டும், ஜெபப் புத்தகத்தில் இல்லாத வார்த்தைகள் சிலவற்றைத் தனியாக வைத்திருந்தார்.

அவருடைய சபையில் மொத்தமே ஏழு சிஸ்டர்கள். மடம், மணி, மதில் ஒன்றும் கிடையாது. ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை, ஒரு வாடகை அறை. ஒருவர் நர்ஸ், ஒருவர் தையல்காரர். தலைவிக்கோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. மாலை ஆறு மணிக்கு ஏழு பேரும் போனில் கூடி, பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை ஜெபமாகச் சொல்வார்கள். மூத்தவரிலிருந்து இளையவர் வரை ஆளுக்கு ஒரு வசனம், பிறகு மறுபடி முதலிலிருந்து. டிரைவர் சிஸ்டர் ஐந்தாவது.

வந்தது வினை. டெப்போவில் அவருக்கு மாலை ஷிப்ட் போட்டுவிட்டார்கள். ஆறு மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பதா, போனைப் பிடிப்பதா? மாதக்கணக்கில் ஜெபத்துக்கு வர முடியவில்லை. பேருக்குத்தான் சபையில் இருக்கிறோம், நாமில்லாமலே அங்கே எல்லாம் நடக்கிறது என்று உள்ளுக்குள் அரித்தது. ரோஷக்காரர், யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சபையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று தலைவியிடம் சொல்லிவிடுவதென்று தானாகவே முடிவு கட்டிவிட்டார்.

அன்று பாதி வழியில் வண்டி மக்கர் செய்தது. பயணிகளை வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டு டெப்போவுக்குத் திரும்பியபோது ஆறு தாண்டியிருந்தது. ஜெபம் முடிந்ததும் சொல்லிவிடலாமென்று ஓய்வறையில் உட்கார்ந்து, சத்தம் காட்டாமல் போனில் சேர்ந்துகொண்டார்.

நான்காவது ஆளான நர்ஸ் தன் வசனத்தை முடித்தார். அப்புறம் பேச்சையே காணோம். லைன் போய்விட்டதோ என்று சிஸ்டர் போனைத் தட்டிப் பார்த்தார். ஒரு வசனம் சொல்லும் நேரம் கழிந்ததும், தையல்காரர் ஒரு வசனத்தை விட்டு அடுத்ததை எடுத்தார்.

அடுத்த சுற்றிலும் நர்ஸுக்குப் பிறகு அதே மௌனம். யாரும் அவசரப்படவில்லை, செருமக்கூட இல்லை. அது தன் இடம் என்று சிஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் ஆறு பேரும் இப்படித்தான் காத்திருந்திருக்கிறார்கள். பாவிகள், ஒருத்தியாவது சொல்லியிருக்கக் கூடாதா? சந்தோஷத்தில் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாம் சுற்றில் நர்ஸ் நிறுத்தியதும் அவர் தன் வசனத்தைத் தொடங்கினார். பாதி போவதற்குள் போன் சந்தைக்கடை ஆகிவிட்டது.

"அய்யோ, நம்ம டிரைவர்!"

"எப்படி இருக்கே? சாப்பிட்டியா?"

தலைவி அதட்டினார். "எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. அவ முடிக்கட்டும்."

டிரைவர் சிஸ்டர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடித்தார்.

"ஏதாவது சொல்லணுமா?" என்று தலைவி கேட்டார்.

"ஒண்ணுமில்லக்கா. நாளைக்கும் எனக்கு ஷிப்ட்தான். என் வசனத்தை விட்டு வைங்க."

"அதை நீ வேற சொல்லணுமாக்கும்! ம், அடுத்த ஆள்."