படத்தை மூடிய கை

எங்கள் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் கிளியின் பச்சை கிளிக்குள் நிற்காமல் பக்கத்துக் கிளை மேலும் கொஞ்சம் வழிந்திருக்கும். அந்தப் பக்கத்தை முகத்தருகே கொண்டுபோனால் அச்சு மையின் வாசனை மூக்கில் ஏறும். அந்தப் புத்தகத்தில் எனக்குப் புரிந்தவை படங்கள் மட்டும்தான். அப்பா பெங்களூரில் கட்டடங்களுக்குச் ‘சென்ட்ரிங்’ வேலை பார்த்ததால், இரண்டாம் வகுப்புவரை அங்கே கன்னடப் பள்ளியில் படித்தேன். வீட்டில் பேசியது தமிழ் என்றாலும் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அப்பா சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்ட பிறகு சொந்த ஊரான பென்னாகரத்துக்கே திரும்பிவிட்டோம். வயதைப் பார்த்து என்னை மூன்றாம் வகுப்பில் உட்காரவைத்தார்கள்.

முதலில் படங்கள்தான் என்னைக் காப்பாற்றின. மற்றப் பிள்ளைகள் உரக்கப் படிப்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, என் முறை வரும்போது படத்தைப் பார்த்தபடியே திருப்பிச் சொல்லிவிடுவேன். மறந்துபோன இடங்களைப் படத்தில் இருப்பதை வைத்து நிரப்பிக்கொள்வேன். ஒரு நாள் டீச்சர் புதுப் பாடத்தைத் திறந்து முதலில் என்னையே எழுப்பினார். ஆற்றில் ஒருவர் துடுப்புப் போடும் படம் இருந்தது. ஒகேனக்கல் போகும் வழியில் இருக்கும் ஊரில் பிறந்தவள் நான்; ஆற்றில் போவதென்றால் எங்களுக்குப் பரிசல்தான். யோசிக்காமல் “பரிசல் போகிறது” என்று படித்தேன். புத்தகத்தில் இருந்தது ‘ஓடம்’. வகுப்பே சிரித்தது. டீச்சர் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து அது என்னவென்று கேட்டார். என் கண் மறுபடி படத்துக்கே போனது.

“இத்தன நாளா படத்தப் பாத்துதான் படிச்சியா?”

அன்று மாலை அம்மாவை வரச்சொல்லி, “பொங்கல் லீவு முடிஞ்சு வர்றப்ப எழுத்துக் கூட்டிப் படிக்கலைன்னா, ஒண்ணாவதுல உக்காந்து முதல்ல இருந்து வரட்டும்ங்க” என்றார். ஒன்றாம் வகுப்பில் என் தம்பி இருந்தான். அவன் பக்கத்தில் போய் உட்காருவதற்குப் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று வீட்டில் அழுதேன்.

“அப்பா படுத்துக் கெடக்கறாரு. நீயும் வூட்டுலயே உக்காந்துக்கிட்டா நான் யாரப் பாக்கறது?” என்று மட்டும் அம்மா சொன்னாள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஷமீம், கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தவரின் மகள். மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்ததும் புத்தகத்தை விரித்து, படத்தின்மேல் தன் உள்ளங்கையை அகலமாக வைத்து மூடினாள்.

“எழுத்தப் பாத்துச் சொல்லு. அப்பறம் கைய எடுக்கறேன்.”

“படம் இல்லாம எப்படிடி தெரியும்?” எனக்குக் கோபம் வந்தது.

“எங்க வூட்டுல உருதுதான் பேசுவோம். எங்கண்ணன் எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தான்.”

அவள் எழுத்துகளைச் சொல்லித்தர, நான் திக்கித் திணறிக் கூட்டுவேன். ‘நாகம்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பேன். கை விலகும், அங்கே காகம் உட்கார்ந்திருக்கும். இருவரும் சிரித்துவிட்டு மறுபடி முதல் எழுத்துக்குப் போவோம். அதுவரை எனக்கு விடை சொல்லிக்கொண்டிருந்த படம், இப்போது என் விடை சரிதானா என்று பார்த்துச் சொல்லத் தொடங்கியது. விடுமுறையிலும் தையல் கடையின் வெட்டுத்துணிக் குவியல் மேல் உட்கார்ந்து படித்தோம்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. டீச்சர் படமே இல்லாத ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு சொல்லாகக் கூட்டிக்கொண்டே போனேன். கல்யாண வீட்டுக்கு ஓர் ஆடு வந்தது, வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தைத் தின்றது, மாப்பிள்ளை வந்து இறங்கியபோது வெறும் தண்டுதான் நின்றது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

“ஏம்மா சிரிக்கற?”

“அந்த ஆடு வாழ மரத்தத் தின்னுப்போட்டு அங்கயே நிக்குதுங்க, டீச்சர்.”

ஆடு அங்கேயே நின்றதாகப் புத்தகத்தில் இல்லை. டீச்சர் பக்கத்தை ஒருமுறை பார்த்தார், என்னையும் பார்த்தார். “சரி, போய் உன் எடத்துல உக்காரு” என்றார். என் இடம் ஷமீமின் பக்கத்தில் இருந்தது.

அந்தப் பாடப்புத்தகம் இப்போது இல்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடியும் கிடைக்கவில்லை. என் மகளின் புத்தகத்தில் எந்த நிறமும் கோட்டைத் தாண்டுவதில்லை, போனைக் காட்டினால் சில படங்கள் அசையவும் செய்கின்றன. சென்ற ஆண்டு தருமபுரியில் ஷமீமைப் பார்த்தேன். சொந்தமாகத் துணிக்கடை வைத்திருக்கிறாள். இத்தனை வருடம் சொல்லாத நன்றியை, கடையில் ஆள் இருப்பதையும் பார்க்காமல் சொல்லி முடித்தேன்.

“நானா? எனக்கு நெனப்பே இல்லடி” என்றாள். “நீ எனக்குக் கன்னடத்துல எண்ணச் சொல்லிக் குடுத்தியே, ஒந்து, எரடு, மூருன்னு. சரக்கு எடுக்க பெங்களூரு போனா இன்னிக்கும் அதுதான் எனக்குக் கை குடுக்குது.”

அப்படி ஒன்றை நான் சொல்லிக்கொடுத்ததாக எனக்குச் சுத்தமாக நினைவில்லை.