மெயின் பெட்டியில் தொங்கிய என் படம்

சங்கு ஊதாமல் எனக்கு எதுவும் ஓடாது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனாக இருபது வருடத்துக்கு மேல் தள்ளியாயிற்று. சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் டீ, சங்கு ஊதினால் வீடு. எனக்கு நிஜச் சங்கு ஊதும்போதுகூட கார்டு பஞ்ச் பண்ணிவிட்டுத்தான் கிளம்புவேன் என்பது என் மனைவியின் கணிப்பு. அப்பேர்ப்பட்டவன் கையில், ‘உங்கள் வேகத்தில் படிக்கலாம்’ என்று ஓர் ஆன்லைன் வகுப்பைக் கொடுத்தார்கள். என் வேகம் எது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஸ்விட்ச் போடாத கன்வேயரின் வேகம்.

இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று கேட்பீர்கள். கேட்காதவர்களே இல்லை. நான் மூன்று ஷிப்டிலும் மாறி மாறிப் போகிறவன். மனைவி ரோஜாப் பண்ணையில் பூவைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலைக்கு விடியுமுன் வேன் ஏறுகிறவள். இருட்டியதும் படுத்தால்தான் அவளுக்கு மறுநாள் உண்டு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த இரண்டு பேரும் சேர்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிடுவது மூன்று வாரத்தில் ஒரு வாரம். மற்ற வாரங்களில் எங்கள் குடித்தனம் ஹாட்பாக்ஸ் வழியாக நடக்கும். உள்ளே சப்பாத்தி மெத்தென்று இருந்தால் வீட்டில் அமைதி, விறைத்திருந்தால் நான் எதையோ மறந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் இன்ஜினியர்களுக்கு மட்டும் ஜெனரல் ஷிப்ட். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்கு வந்துவிடலாம். ஓர் இன்ஜினியர் ரிட்டயர் ஆகப் போகிறார், உள்ளே இருப்பவர்களில் ஒருவரை எடுப்பார்கள், ஆனால் டிகிரி வேண்டும் என்றார்கள். மற்றவர்களுக்கு டிகிரி என்றால் என்னவோ, எனக்கு அது ராத்திரிச் சாப்பாடு. இந்த முறை விட்டால் அடுத்த இன்ஜினியர் ரிட்டயர் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். அவரோ தினமும் காலையில் ஓடுகிறவர்.

டிப்ளமாவை வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பகுதிநேர டிகிரியில் சேர்ந்திருந்தேன். குந்தாரப்பள்ளிச் சந்தை நாளில் மாடு ஏற்றிய வண்டிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து, வகுப்பு முடிகிற நேரத்துக்குப் போய் வருகைப்பதிவு கேட்ட நாட்களெல்லாம் உண்டு. எப்படியோ எல்லாப் பாடமும் தேறிவிட்டது, ஒன்றே ஒன்றைத் தவிர. அந்தக் கம்ப்யூட்டர் பாடத்துக்குப் பதினைந்து பேராவது வேண்டும், அத்தனை ஆள் சேரவில்லை என்று கல்லூரியில் வகுப்பே எடுக்கவில்லை. ஆன்லைனில் அதே மாதிரிப் பாடம் இருக்கிறது, படித்துப் பரீட்சையில் தேறுங்கள், அங்கே கிடைக்கிற நான்கு கிரெடிட்டை இங்கே உங்கள் கணக்கில் ஏற்றிக்கொள்கிறோம் என்றார்கள். கிரெடிட் என்பது ஒவ்வொரு பாடத்துக்கும் போட்டிருக்கும் எடை. வெளியே எடை போட்ட சரக்கை கேட்டில் காட்டி உள்ளே கொண்டுவருவது மாதிரிதான். பதினைந்து பேர் இல்லாத குறைக்கு நான் ஒருவன் வீட்டில் உட்கார்ந்து வகுப்பானேன்.

முதல் பாடத்தில் நான்கு வரி புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். திரையில் சிவப்பு எழுத்தில் ஏதோ வந்தது. எங்கள் தொழிலில் சிவப்பு என்றால் மெஷின் நின்றுவிட்டது என்று அர்த்தம். கை தானாக லேப்டாப்பின் பக்கவாட்டில் ரீசெட் பட்டனைத் தேடியது. ஒரு வரியின் முன்னால் இடம் விடாததுதான் குற்றம் என்று கண்டுபிடிப்பதற்குள் நான் மூன்று முறை டிகிரியைக் கைவிட்டு, இரண்டு முறை திரும்ப எடுத்துக்கொண்டேன். பூக்கூடைகளைக் கழுவிக்கொண்டிருந்த மனைவி, மெஷின் கெட்டா நீங்க ரிப்பேர் பண்ணுவீங்க, நீங்க கெட்டா யாரைக் கூப்பிடறது என்று கேட்டாள்.

சங்கு இல்லாமல் உட்கார மனம் வரவில்லை என்பதால் போனில் சங்குச் சத்தத்தையே அலாரமாக வைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அது ஊதியது. மத்திகிரியில் எங்கள் காம்பவுண்டில் வரிசையாக ஆறு வீடுகள், ஆறிலும் கம்பெனி ஆட்கள். பக்கத்து வீட்டில் ஒரு திருநெல்வேலிக்கார அம்மா, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். வீட்டுக்காரர் வெளிநாட்டில். சத்தம் கேட்டு அந்த அம்மா யூனிபார்ம் மாட்டி, ஐடி கார்டு தொங்க, டிபன் பாக்ஸோடு வெளியே வந்து நின்றுவிட்டார். விஷயம் தெரிந்த பிறகு, “அண்ணாச்சி, நீங்க பாஸாகுததுக்குள்ள நாங்க ஃபெயிலாயிருவோம் போலுக்கே” என்றார். அன்றிலிருந்து காம்பவுண்டில் என் பெயர் ஸ்டூடண்ட்.

இந்த அம்மாவுக்கு நான் ஒருமுறை பாடம் எடுத்திருக்கிறேன். காம்பவுண்டின் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்த்த அன்று, கம்பெனியில் செய்வதுபோல் மெயினை அணைத்து, என் சிவப்பு டேக்கை அதில் தொங்கவிட்டேன். டேக் என்பது அட்டைதான். மாட்டினவனின் படம் ஒட்டி, ‘ஆபத்து. இயக்காதீர்கள். ஆள் வேலை செய்கிறார்’ என்று எழுதியிருக்கும். புது டேக் கொடுத்த பிறகு பழசு என்னிடமே தங்கிவிட்டது. அதில் என் மீசை கறுப்பு, அதனால் எறிய மனம் வரவில்லை. அன்றைக்கு ஆறு வீட்டையும் நிற்கவைத்துப் பெரிய பிரசங்கம் செய்தேன். டேக் தொங்கினால் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும், மாட்டினவன்தான் கழற்ற வேண்டும், சாமியே வந்து கேட்டாலும் வேறு யாரும் தொடக் கூடாது என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த அம்மா மட்டும் மனதில் எழுதிக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது.

பரீட்சை வீட்டிலேயே. லேப்டாப் கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நாற்காலியை விட்டு எழக் கூடாது, பேசக் கூடாது, வேறு முகம் தெரியக் கூடாது. மீறினால் அத்தனையும் பதிவாகி விசாரணைக்குப் போகும். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் காம்பவுண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கால்நடைப் பண்ணையில் மாடு கத்தினால் யாரோ எனக்கு விடை சொல்லிக் கொடுப்பதாக எடுத்துக்கொள்வார்களோ என்றுகூடக் கவலைப்பட்டேன். ஆறு வீட்டையும் அமைதியாக இருக்கச் சொல்லும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். தமிழில், தெலுங்கில், கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். எதற்கு அமைதி என்று மூன்று மொழியிலும் சத்தமாக விவாதம் நடந்தது.

என் பெரிய பயம் கரண்ட். லேப்டாப் மச்சினன் கொடுத்தது. அதன் பேட்டரி என்னைப் போல. பிளக்கில் இருக்கும்வரை கம்பீரம். எங்கள் ஓனரம்மாவுக்கோ ஒரு பழக்கம். மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் ஓடிவந்து, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மெயின் பெட்டியில் கைக்குக் கிடைத்த சுவிட்சை அணைப்பார். அது பெரும்பாலும் எங்கள் சுவிட்சாக இருக்கும். பரீட்சை அன்று காலை எனக்கு ஒரு யோசனை உதித்தது. டேக்கை எடுத்துப்போய் எங்கள் மெயின் சுவிட்சில் தொங்கவிட்டேன். படத்தைப் பார்த்ததும் ஓனரம்மா கை வைக்கமாட்டார். திரும்பி வந்து, கதவை உள்பக்கம் தாழிட்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சியபடி உட்கார்ந்தேன். மனைவி வாசலில் காவல்.

பாதிக் கேள்வி நன்றாகவே போனது. திடீரென்று மின்விசிறி மெதுவானது. திரையில் ‘இணைப்பு இல்லை, மீண்டும் முயல்கிறோம்’ என்று வந்தது. நேரம் மட்டும் இணைப்பு எதுவும் தேவையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கேமராவின் விளக்கு அணையவில்லை. இணைப்பு போனாலும் அது தனக்குள் பதிவு செய்துகொண்டே இருக்கும் என்று விதியில் படித்திருந்தேன். எழ முடியாது. கத்த முடியாது. பேட்டரி சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அப்போது வெளியே பேச்சுக் கேட்டது.

“மதினி, அண்ணாச்சி எங்க?” பக்கத்து வீட்டு அம்மா.

“உள்ள பரீட்சை எழுதிக்கினு இருக்காரு. ஏன்?” என் மனைவி.

“டேக் தொங்குது, மெயின் ஆன்ல கெடக்கு. எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. எங்கயாவது வயர்ல கைய வச்சிருந்தாவன்னா? அதான் பட்டுனு அணைச்சிட்டேன்.”

நியாயம்தானே? காரண காரியத்தோடு செய்திருக்கிறார். டேக் மாட்டினால் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டிப் பிரசங்கம் செய்த மகானாகிய நான், ஆனில் இருக்கிற சுவிட்சில் டேக்கை மாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

மனைவி பதறிப்போய் உடனே போடச் சொன்னாள். அந்த அம்மா அசையவில்லை. ஆள் பத்திரமாக இருக்கிறார் என்று வாய்வார்த்தையை நம்பிப் போட்டதில் தன் கம்பெனியில் ஒருவருக்குக் கை போனதைச் சொன்னார். “மாட்டுன ஆளுதான் கழத்தணும். அண்ணாச்சியே சொல்லியிருக்காவ, சாமியே வந்து கேட்டாலும்னு” என்றார். உள்ளே நான் தலையில் அடித்துக்கொள்ளவும் முடியாத நிலை. கை அசைந்தால் பதிவாகும்.

ஆக, நான் போய்க் கழற்றினால்தான் கரண்ட் வரும். கரண்ட் வந்து பரீட்சை முடிந்தால்தான் நான் எழ முடியும். முடிவே இல்லாமல் தன்னையே சுற்றுகிற புரோகிராமைப் பற்றி வகுப்பில் சொன்னபோது, எந்த முட்டாள் இப்படி எழுதுவான் என்று நினைத்தேன். எழுதியவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு நிமிடமும் என் தட்டிலிருந்து ஒரு வாரச் சாப்பாட்டை யாரோ எடுத்துக்கொண்டு போவது போலிருந்தது.

வெளியே அந்த அம்மா விதியின் மீதியைச் சொன்னார். மாட்டின ஆள் வர முடியாவிட்டால் அவருடைய மேலதிகாரி வந்து, ஆளைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு கழற்றலாம்.

“அண்ணாச்சிக்கு மேலதிகாரி யாரு?”

“யாரு? நான்தான்” என்றாள் என் மனைவி. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். எனக்கு ஆட்சேபம் இல்லை.

திரையின் மூலையில் என் முகம் தெரிகிற சின்னச் சதுரத்தைப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஜன்னல் திறந்தது. இரண்டு தலைகள் முளைத்தன. “அண்ணாச்சி, நல்லா இருக்கியன்னா கைய மட்டும் தூக்குங்க.” தூக்கினேன், டீச்சரிடம் வெளியே போக அனுமதி கேட்கிற பையன் மாதிரி. தலைகள் மறைந்தன. சற்று நேரத்தில் மின்விசிறி சுற்றியது. மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்து, இணைப்பு வந்து, எஞ்சிய கேள்விகளை ஒரே மூச்சில் எழுதினேன். அதில் ஒன்று, சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு புரோகிராம் எப்போது நிற்கும் என்பது. வெளியே வர ஒரு வழி வைத்திருந்தால் நிற்கும். அன்றைக்கு இதை என்னைவிட நன்றாக அறிந்தவன் அந்த வகுப்பில் இருந்திருக்க முடியாது.

கதவைத் திறந்தால், அந்த அம்மா டேக்கை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றார். தப்பா செஞ்சிட்டனா அண்ணாச்சி என்று கேட்டார். இல்லை, நீங்கள் செய்ததுதான் சரி என்றேன். நிஜமாகவே நான் வயரில் கை வைத்திருந்தால் என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஆள் அவர்.

நான்கைந்து நாளில் மின்னஞ்சல் வந்தது. மதிப்பெண் தேர்ச்சிக்கு மேலேதான். ஆனால் பரீட்சை நடுவில் இணைப்பு துண்டிப்பு, இரண்டு வேற்று முகங்கள், காரணமில்லாமல் கை உயர்த்தல். விளக்கம் தரும்வரை கிரெடிட் நிறுத்திவைக்கப்படுகிறது என்றிருந்தது. சப்பாத்தி கண்ணெதிரே விறைத்தது. நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த மனைவி, “மெஷின் நின்னுபோனா கம்பெனியில என்னா பண்ணுவீங்க, அழுவீங்களா?” என்றாள்.

மெஷின் நின்றால் நாங்கள் ஏன்-ஏன் எழுதுவோம். ஏன் நின்றது, அது ஏன் நடந்தது என்று அடிவேர் கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே போவது. அதையே எழுதினேன். கரண்ட் ஏன் போனது? பக்கத்து வீட்டார் அணைத்ததால். ஏன் அணைத்தார்? டேக் தொங்கியதால். ஏன் தொங்கியது? தொட்டி வழிந்தால் ஓனர் தவறான சுவிட்சை அணைப்பதால். தொட்டி ஏன் வழிகிறது? மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை கெட்டிருப்பதால். மிதவை ஏன் இன்னும் சரிசெய்யப்படவில்லை? சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்த ஆள், அதாவது நான், இந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால். நிரந்தரத் தீர்வு என்ற இடத்தில், மிதவை மாற்றப்பட்டது என்று எழுதினேன். எழுதிய பிறகு பொய்யாகிவிடக் கூடாதே என்று மாடிக்கு ஏறி மாற்றினேன். அதன் பிறகே அனுப்பினேன், டேக்கின் படத்தையும் சேர்த்து.

விளக்கம் ஏற்கப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. சிரித்தார்களா என்று தெரியவில்லை. நான்கு கிரெடிட்டும் கணக்கில் ஏறின. அங்கிருந்து கல்லூரிக்கு அவை போய்ச் சேருகிறவரை, பெற்ற பிள்ளையைப் பஸ் ஏற்றிவிட்டவன் மாதிரி போனைத் திறந்து திறந்து பார்த்தேன். பத்திரமாகப் போய் இறங்கின. இன்டர்வியூவில் சமீபத்தில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்கள். புரோகிராம் பற்றித் தயாரித்து வைத்திருந்த பதில் மறந்துபோய், டேக் கதையைச் சொல்லிவிட்டேன். மேனேஜர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கேள்வி கேட்க நேரமெடுத்தார்.

ஜெனரல் ஷிப்டின் முதல் நாள், வெளிச்சம் இருக்கும்போதே மத்திகிரி ஸ்டாப்பில் இறங்கினேன். பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லையா அண்ணாச்சி என்று விசாரித்தார். வீட்டில் மனைவி தோசைக் கல்லின் முன் நின்றிருந்தாள். கை கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன். ஹாட்பாக்ஸ் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருந்தது. முதல் தோசை கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது, விரல் சுட்டது. அவள் என்னையும் கடிகாரத்தையும் சந்தேகமாக மாறி மாறிப் பார்த்தாள்.

“இனிமே தெனமும் இந்நேரத்துக்கேவா வந்துருவீங்க?”

தினமும்தான் என்றேன். அவள் இன்னொரு கரண்டி மாவை எடுத்துக் கல்லில் ஊற்றினாள், இந்த முறை கொஞ்சம் பெரிதாக.