மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு மணி

என் மகள் வீட்டுக் கணினிக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிண்டரில் தாள் தீர்ந்தாலும் திரையில் சிவப்புக் கட்டம். எழுதியதெல்லாம் அழிந்துபோனாலும் அதே சிவப்புக் கட்டம். எதற்குப் பதற வேண்டும், எதற்குச் சும்மா இருக்கலாம் என்று சொல்லத் தெரிய வேண்டாமா? இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே அடிபட்டவன்.

மலாயா சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு அடுத்த வருஷம். மலாக்காவில், காஜா பேராங்கிலிருந்து செமாபோக் வரை பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் கண்டக்டர் நல்ல பையன்தான். ஆனால் மணிக்கயிறு கையில் கிடைத்தால் விடமாட்டான். யாரோ ஒருவரின் கோழி கூடையை விட்டு இறங்கினால்கூடக் கணகணவென்று அடிப்பான். நான் பதறிப்போய் பிரேக்கை மிதிப்பேன். பாதிப் பேர் முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டு என்னைத்தான் திட்டுவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"டேய், இனிமே இப்படித்தான். சின்ன விஷயம்னா ஒரு மணி, நான் பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருப்பேன். டயரு, பிரேக்கு ஏதாச்சும் கோளாறுன்னா ரெண்டு, ஓரமா நிறுத்துவேன். பஸ்ஸு தீப்பிடிச்சா, ஆளு கீழ விழுந்தா, அப்ப மட்டும் விடாம அடி. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது அண்ணே" என்றான். பாவி, நிஜமாகவே புரிந்துகொண்டான்.

அந்த மாதமே என் தங்கைக்குக் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. அதற்கு முன் வந்த வரன்கள் தட்டிப்போயிருந்தன. இதுவும் கைநழுவினால் ஊர் வாய்க்குத் தப்ப முடியாது என்று வீடே பயந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையை அழைத்து வருவது பெண் வீட்டார் பொறுப்பு. முதலாளியிடம் கெஞ்சி பஸ்ஸை வாங்கி, முன்னால் வாழைக்கன்று கட்டி, காஜா பேராங்கில் மாப்பிள்ளையையும் அவர் சொந்தங்களையும் மேளக்காரர்களையும் ஏற்றிக்கொண்டேன். ஜாலான் துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் ஒன்பதரைக்குள் தாலி ஏற வேண்டும்.

வழியில் சாலையோர முனீஸ்வரருக்குத் தேங்காய் உடைக்காமல் எங்கள் பக்கத்து மாப்பிள்ளை யாரும் போகமாட்டார். நிறுத்தினேன். இறங்கினார்கள், உடைத்தார்கள், ஏறினார்கள். "நேரமாச்சு, எடு எடு!" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா குரல் கொடுத்தார். எடுத்தேன். பஸ்ஸுக்குள் மேளம் காதைப் பிளந்தது.

அப்போது மணி அடித்தது. ஒன்றே ஒன்று. யாரோ வெற்றிலைத் தட்டைக் கொட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று வேகத்தைக் கூட்டினேன். பையன் திருந்திவிட்டானே என்று பெருமைகூடப் பட்டேன்.

கோயில் வாசலில் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். எல்லாரும் இறங்கினார்கள். மாப்பிள்ளை மட்டும் இறங்கவில்லை.

"எங்கடா மாப்பிள்ள?"

"முனீஸ்வரர்கிட்டதான் அண்ணே" என்றான் கண்டக்டர். "கண்ண மூடிக் கும்பிட்டுக்கிட்டே நின்னாரு, நீங்க எடுத்துட்டீங்க. நான்தான் மணி அடிச்சேனே!"

"அலமாக்! ஒரு மணிதானேடா அடிச்சே!"

"பஸ்ஸு தீப்பிடிக்கல. டயரு நல்லா இருந்துச்சு. யாரும் விழல. அவரு ஏறவே இல்லியே, எப்படி விழுவாரு?"

சித்தப்பா சமாதானமாகச் சொன்னார்: "மணி அடிச்சாச்சு, டிரைவருக்குத் தெரியும்னு நாங்களும் பேசாம இருந்துட்டோம்." அவரை என்ன செய்வது?

உள்ளே கூறைப்புடவையில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் போனேன். "பயப்படாதே, சின்ன விஷயம்தான். மாப்பிள்ள கொஞ்சம் பின்னால வராரு."

ஜன்னல் வழியே அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "பஸ்ஸுக்கு ஏதாச்சும் ஆச்சாண்ணே?"

"சேச்சே, பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகலம்மா."

"அப்ப சின்ன விஷயம்தான். நான் இப்படியே உக்காந்திருக்கேன், நீ போ." சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது.

வெளியே ஓடினேன். பஸ்ஸைத் திருப்புவதற்குள் தெருமுனையில் ஒரு பெச்சா, அதுதான் மூன்று சக்கர ரிக்‌ஷா, தெரிந்தது. சீனக் கிழவர் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கையில் மாப்பிள்ளை, ஒரு கையில் தலைப்பாகை, மறு கையில் வேட்டி நுனி. அப்படியே தூக்காத குறையாக மணவறைக்குக் கொண்டுபோனோம். ஐயர் மந்திரத்தில் பாதியை விழுங்கினார். ஒன்பதரைக்குக் கொஞ்சம் முன்னால் தாலி ஏறியது.

அட்சதை போடக் குனிந்தேன். முகமெல்லாம் கண்ணீரும் சிரிப்புமாகத் தங்கை கேட்டாள்: "இதுக்கு எத்தன மணிண்ணே?"

நேரே வெளியே போய், பஸ்ஸில் ஏறி, அந்தக் கயிற்றை நானே பிடித்து விடாமல் இழுத்தேன்.