துணி போர்த்திய சிலை

பாகூர் ஏரியை ஒட்டிய எங்கள் தெருமுனைச் சிலைக்குக் கூண்டு உண்டு. சுற்றிலும் இரும்புக் கம்பி, கதவில் பூட்டு. அன்று விடிந்தபோது, கம்பி இடுக்கில் கடப்பாரையை விட்டு யாரோ நெம்பியிருந்தார்கள். சிலையின் நீட்டிய கை முழங்கையோடு போயிருந்தது. உடைந்த சிமெண்டுக்குள்ளிருந்து துருப்பிடித்த கம்பி நரம்புபோல் துருத்திக்கொண்டிருந்தது. சிலை உடைந்தால் எங்கள் பக்கத்தில் உடனே வெள்ளைத் துணி போர்த்திவிடுவோம். துணி போர்த்திய சிலை என்றால் அடிபட்ட சிலை. பார்த்த மாத்திரத்தில் ரத்தம் கொதிக்கும்.

யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது. என் தம்பியோ எதிர்த்தெரு மொத்தத்தையும் குற்றம் சொன்னான். கரும்பு வெட்டும் கத்தியை எடுத்துவிட்டான். அம்மா அதைப் பிடுங்கியதில் அவள் உள்ளங்கை கிழிந்தது. கிழிந்த கையாலேயே ஸ்கூட்டி சாவியை என்மேல் எறிந்தாள்.

"மத்தியானம் ரெண்டு தெருவும் உக்காந்து பேசப் போவுது. அதுவரிக்கும் இவன எங்கனா இட்டுக்கினு போடி. இன்னிக்கி எவன் மேலயாவது கை வெச்சான்னா ஜெயிலுதான்."

அவன் கை யார்மேலும் படாமல் ஒரு பொழுதைக் கடத்த வேண்டும். பாண்டிக்கு ஓட்டினேன்.

வெயில் முகத்தில் அறைந்தது. கடற்கரையில் பிரெஞ்சு கவர்னர் ஒருவர் சிலையாகக் கூண்டில்லாமல் நிற்கிறார். சற்றுத் தள்ளி, போரில் செத்தவர்களுக்காகத் தலைகுனிந்த வெண்கலச் சிப்பாய். கடல் பாறைகளைக் குத்திக் குத்தித் திரும்பியது. தம்பி ஒவ்வொரு சிலையையும் கடப்பாரைக் கண்ணால் அளந்தான். இதன் கழுத்து எத்தனை அடி தாங்கும் என்று கேட்டான். பார்வைக்குத் திறந்து வைத்திருந்த பழைய மாளிகை ஒன்றுக்குள் கூட்டிப்போனேன். ஆளுயரக் கண்ணாடி, தேக்குக் கட்டில், சுவரில் ஒரு வாள். அவன் கட்டிலையும் பார்க்கவில்லை, கண்ணாடியையும் பார்க்கவில்லை. வாளுக்கு முன்னால் நின்றான். சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

அடுத்த திருப்பத்துப் பூங்காவில் இன்னொரு சிலை. வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

துணியை விலக்கிக்கொண்டு ஓர் ஆள் வெளியே வந்தார். கையில் சுத்தியல், உளி.

என் விரல்களுக்குள் சட்டைத் துணி கிழிந்தது. நான் கூப்பிடுவதற்குள் தம்பியின் முஷ்டி அந்த ஆளின் வாயில் இறங்கிவிட்டது. மல்லாக்க விழுந்தவரின் மார்பில் ஏறி மறுபடி குத்தினான். சுற்றுலா வந்தவர்கள் போனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். கீழே கிடந்தவர் கைக்கு எட்டிய இரும்பு வாளியை வீசினார். தம்பியின் நெற்றி பிளந்தது. சோப்புத் தண்ணீர் சிவப்பாக ஓடி என் செருப்பை நனைத்தது.

"பேந்துபோன பீடத்தப் பூசிக் கழுவ வந்தவன்பா நானு," என்றார் அவர், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "தூசி படாம துணி போட்டா அது தப்பா? எந்த ஊருடா நீ?"

ஊரைச் சொன்னேன். காலையில் நடந்ததையும் சொன்னேன். அவர் தம்பியை வெகுநேரம் பார்த்தார். தான் வில்லியனூர் என்றார். அங்கேயும் துணியைப் பார்த்தால் கத்தியோடுதான் ஓடி வருவார்கள், நல்லவேளை இவன் வெறுங்கையோடு வந்தான் என்றார். சிலைமேலிருந்த துணியில் ஒரு முனையைக் கிழித்து அவன் நெற்றியில் இறுக்கிக் கட்டினார். கட்டும்போது வேண்டுமென்றே அழுத்தினார். அவன் பல்லைக் கடித்தான்.

அப்போது அம்மா போன் செய்தாள். யாரையாவது அடித்தானா என்பதுதான் முதல் கேள்வி. நான் அந்த ஆளைப் பார்த்தேன். உதடு வீங்கிப்போய் உளியைத் தேடிக்கொண்டிருந்தவர் இல்லை என்று தலையாட்டினார். இல்லை என்றேன்.

பேசி முடித்துவிட்டார்களாம். எதிர்த்தெருவும் சேர்ந்து புதுக் கை வைத்துத் தருமாம். கடப்பாரை நுழையாதபடி கூண்டுக்கு நெருக்கமாக வலை அடிக்கப் போகிறார்களாம்.

தம்பி போனைப் பிடுங்கினான். அவன் விரல் பட்ட இடமெல்லாம் ரத்தம் ஒட்டியது.

"கூண்டே வேணாம்னு சொல்லும்மா. இங்க ஒண்ணுத்துக்கும் கூண்டு கெடையாது."

மறுபடி உடைத்தால் என்னடா பண்ணுவாய் என்று அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

"நான் அங்கயே படுத்துக்குறேன்," என்றான். மற்றக் கையின் முஷ்டி இன்னும் பிரியவில்லை.