போல்ட்டு காணவில்லை

அந்தக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். மூத்தவளைக் கட்டியவர் மொட்டைமாடி வேலைக்காரர்; கொக்கி பதிப்பதும் அவர்தான், மழைத்தண்ணீர் இறங்காமல் தளத்தின் மேல் தார்ஷீட் ஒட்டுவதும் அவர்தான். கடைக்குட்டி கயிற்றில் தொங்கிக்கொண்டு கட்டடத்துக் கண்ணாடி துடைக்கிறவன். சுவரோடு சுவராக ஒட்டிக் கிடப்பதால் பல்லி என்ற பெயரே நிலைத்துவிட்டது. நடுவில் பிறந்தவள்தான் போட்டோக்காரி. கல்யாண வீட்டுப் படமெல்லாம் இல்லை. அவள் பிடிப்பது கொக்கிப் படம்.

உயரத்தில் வேலை செய்கிறவன் கீழே விழுந்துவிடாமல் இருக்க, கயிறு மாட்டுவதற்கென்று மாடித் தளத்தில் இரும்புக் கொக்கி பதிப்பார்கள். அதன் அடியில் ஒரு தகடு, தகட்டைத் தளத்தோடு இறுக்கிப் பிடிக்கப் போல்ட்டுகள். அதற்கு மேல் தார்ஷீட் மூடிவிட்டால் கொக்கியின் தலை மட்டும்தான் வெளியே தெரியும். மூடுவதற்கு முன்னால் ஒவ்வொன்றின் அடியையும் குனிந்து பார்த்துப் படம் பிடித்து, ‘கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது அவள் வேலை. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஆளை இறக்குவார்கள்.

அவளுடைய தாய்மாமன் ஒருவர் வெள்ளையடிக்கப் போனவர். “கட்டியாச்சா?” என்று கேட்டார். “கட்டியாச்சு” என்று மாடியிலிருந்து குரல் வந்தது. குரலை நம்பித் தொங்கியவர் அதற்கப்புறம் நிமிர்ந்து நடக்கவில்லை. அந்தக் ‘கட்டியாச்சு’ அவள் காதிலேயே குடியிருந்தது.

அன்றைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஈரம் பட்டால் ஷீட் ஒட்டாது என்று அத்தான் அரக்கப்பரக்க ஒட்டிக்கொண்டே போனார். அவள் படியேறி வருவதற்குள் தண்ணீர்த் தொட்டி ஓரத்துக் கொக்கி மூடிப்போயிருந்தது.

“அத்தான், இதை நான் பாக்கலையே.”

“நான் பாத்தேன்ல? நானே முறுக்கினேன். எழுதிக்கோ.”

“நீங்க பாத்ததுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“உங்கக்காவை எனக்குக் கட்டிக் குடுக்கும்போது இவ்வளவு கேள்வி கேட்டியா?”

“அப்ப எனக்கு விவரம் பத்தல அத்தான்.”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவள் மூடின ஷீட்டைப் படம் பிடித்து, பக்கத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: ‘போல்ட்டு காணவில்லை.’

வினை அங்கேதான் பிடித்தது. மறுநாள் காலையில் அதைப் படித்த மேனேஜர் வேறென்ன நினைப்பார்? எவனோ போல்ட்டைக் கழற்றி இரும்புக் கடையில் போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தார். அத்தானை ஆபீஸ் நடுவில் நிற்க வைத்து, “போல்ட்டை எங்கய்யா வித்தே?” என்று கேட்டுவிட்டார். சற்று நேரத்தில் அக்காவின் போன் வந்தது.

“கூடப் பிறந்தவ புருஷனைத் திருடன்னு எழுதியிருக்கியாமே. நல்லா இருடி!” அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டாள்.

போட்டோக்காரி போட்டது போட்டபடி ஆபீசுக்கு ஓடினாள். “தொலைஞ்சுபோச்சுன்னு எழுதல சார், நான் கண்ணால பாக்கலைன்னு எழுதினேன்” என்றாள். அர்த்தம் புரிந்ததும் மேனேஜருக்கு மூச்சு வந்தது.

“இவ்வளவுதானா? ‘கண்டேன்’னு மாத்திடும்மா. உங்க அத்தான் பேரும் தப்பிக்கும், மேல ஆளும் இறங்கலாம்.”

“அவரு திருடல சார். நான் பாக்கவும் இல்ல. வேணும்னா முன்னால ஒரு ‘நான்’ சேத்துக்கிறேன். ‘நான் காணவில்லை.’ அதுக்கு மேல ஒரு எழுத்து மாறாது.”

“வேலை போயிடும், பாத்துக்கோ.”

“போகட்டும். போறது வேலைதானே, ஆளு இல்லையே.”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடியேறினாள். தொட்டி ஓரத்தில், இடுப்பில் பெல்ட்டும் தோளில் கயிறுமாகப் பல்லி நின்றுகொண்டிருந்தான்.

“மாட்டவாக்கா? இறங்கச் சொல்லிக் கீழ கத்துறாங்க.”

“மாட்டித்தான் பாரேன். கையை ஒடிச்சிடுவேன்.” கொக்கிக்குப் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“நல்லாருக்கு. சண்டை உங்க ரெண்டு பேருக்கும், நடுவுல தொங்குறது நான்!”

அதற்குள் அத்தான் வந்துவிட்டார். முகம் கன்றிப்போயிருந்தது, கையில் ஷீட் அறுக்கும் கத்தி. “எந்திரிடி” என்றார். மண்டியிட்டு, தான் ஒட்டிய ஷீட்டைத் தானே கிழித்துப் புரட்டிப் போட்டார். அடியில் தகடு இருந்தது. போல்ட்டுகள் அத்தனையும் இருந்தன, ஒன்றுவிடாமல், முறுக்கியதற்கு அடையாளமாக அவர் வைத்த சிவப்புப் பெயின்ட் பொட்டோடு.

“பாத்தியா? இப்ப என்ன சொல்றே? மன்னிப்புக் கேளு.”

“எதுக்கு?”

“என்னைச் சந்தேகப்பட்டதுக்கு!”

“உங்களை யாரு சந்தேகப்பட்டா? பாக்கலைன்னேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நிழல் விழுது.”

குனிந்து, பிசிறைத் துடைத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்துப் படம் பிடித்தாள். ‘கண்டேன்’ என்று எழுதினாள். பிறகுதான் பல்லிக்குத் தலையை ஆட்டினாள். அவன் கொக்கியில் மாட்டி இழுத்துப் பார்த்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி மறைந்தான்.

அக்கா ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தானோ, எந்த மாடியானாலும் இவள் வராமல் கொக்கியை மூடுவதில்லை. மாடிப்படியில் தலையை நீட்டிக் கட்டடமே அதிரக் கூப்பிடுவார்.

“ஏ காணவில்லை! மேல வந்து கண்டுட்டுப் போ!”

“வர்றேன். அதுவரைக்கும் ஷீட்டுல கை வைக்காம நில்லுங்க!”